மச்சில் பதிந்த கதவு

போன மாதம் எங்கள் பழைய ஆபீசிலிருந்து இரண்டு இளவட்டங்கள் என்னைத் தேடி வந்தார்கள். இருவரும் எஞ்சினியர்கள். பொன்முடிப் பக்கம் யாரோ ஒருவர் மலைவீடு கட்டப்போகிறாராம். துரைமார் காலத்து மாதிரி மரமும் கல்லுமாக லாட்ஜ் பாணியில் கட்டுவதா, தட்டைக் கூரையும் வளைந்த மூலையும் பெரிய கண்ணாடியுமாகக் காங்கிரீட்டில் புதுப் பாணியில் கட்டுவதா என்று இவர்களுக்குள் சண்டை. வரைபலகையில் குனிந்து குனிந்தே முதுகு வளைந்தவன் ஒருவன் இருக்கிறானே, அவனிடம் தீர்ப்புக் கேட்போம் என்று வந்துவிட்டார்கள்.

அவர்கள் காப்பி ஆறும்வரை பேசினேன். ஈரம், காற்று, கறையான், கூரைச் சரிவு என்று ஒன்றையும் விடவில்லை. அவர்கள் போன பிறகுதான், சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன். பேய்க்கதை என்று சிலர் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், இந்த வயதில் எனக்கு என்ன குறைந்துவிடப் போகிறது?

லாட்ஜ் என்றவுடன் இன்றைக்குத் திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் மூட்டைப்பூச்சியோடு சேர்த்து வாடகைக்கு விடுகிற அறைதான் ஞாபகம் வரும். துரைமார் சொன்ன லாட்ஜ் வேறு. தேயிலைக்கோ வேட்டைக்கோ மலையேறி வந்தவர்கள் தங்கிய வீடு அது. கருங்கல் தூண்களின் மேல் தரையைத் தூக்கியிருப்பார்கள். சுவர் பாதி கல், பாதி மரம். மழை வழுக்கி ஓடச் செங்குத்தான கூரை, சுற்றிலும் வராந்தா, நடுஹாலில் கணப்பு. பலகை இடுக்கில் காற்றும் வரும், அட்டையும் வரும். வெயிலில் மரம் சுருங்கும், பனியில் ஊதும், இரண்டுக்கும் சத்தம் போடும். வாய் ஓயாத மாமியார் மாதிரி. ஆனால் எங்கே ஒழுகுகிறது, எங்கே உளுத்திருக்கிறது என்பதை அந்த வீடே சொல்லிவிடும். காங்கிரீட் வீடு ஒன்றும் சொல்லாது. நான் இன்றைக்கும் காங்கிரீட்டின் கட்சிதான், அதனால்தான் இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

என் ஊர் சுசீந்திரம் பக்கம். திருவனந்தபுரத்துக்கு வந்து படம் வரையக் கற்றுக்கொண்டதும், மை கொட்டியதும், காதில் திருகு வாங்கியதும் எல்லோருக்கும் உள்ள கதைதான், விட்டுவிடுகிறேன். சாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் சொந்தமாகக் கட்டடக் கம்பெனி நடத்திவந்த வைத்தியநாதையரிடம் டிராப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். அவர் கண்ணை மூடுகிறவரை அங்கேதான் இருந்தேன்.

ஐயர் கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர். பூர்வீகம் திருநெல்வேலி. ஒல்லி உடம்பு, காதில் கடுக்கன், கோட்டுக்கு மேல் அங்கவஸ்திரம். ஒரு நாள் தவிர அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாக வரைந்து கொண்டுபோனால் திட்டமாட்டார். படத்தைத் தலைகீழாகத் திருப்பி என் பக்கமே நகர்த்திவிட்டுப் பொடி போட ஆரம்பித்துவிடுவார். தப்பு எது என்று நானே கண்டுபிடிக்கிறவரை அந்தப் பொடிடப்பி மூடாது. அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருக்கலாம்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும், பழையதோ புதியதோ, ஒவ்வோர் அறையிலும் அங்கவஸ்திரத்தைத் தரையில் விரித்து மல்லாந்து படுத்துவிடுவார். கையிரண்டும் நெஞ்சின் மேல் இருக்கும், கண் மச்சை, அதாவது கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். பக்கத்தில் நானும் பென்சிலோடு படுக்கவேண்டும். வீட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நல்ல நாளும் அதுவுமாக நடுவீட்டில் இரண்டு பேர் பிணம் மாதிரிக் கிடந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்?

"வீட்டுக்காரன் சுவரைப் பார்க்கறதைவிட மச்சைத்தான் ஓய் ஜாஸ்தி பார்க்கறான்" என்பார் ஐயர். "ஜுரத்துல கிடக்கறவன், பிள்ளை பெத்துக் கிடக்கறவ, தூக்கம் வராதவன், எல்லாருக்கும் மச்சுதான் கதி. அதை நின்னுண்டு பார்த்தா நமக்கு என்ன தெரியும்?"

கல்லாற்றுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தைக் குற்றாலம் பிள்ளை என்பவர் துரை ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், சாலையில் மொத்த வியாபாரம் செய்த குடும்பம். தோட்டத்தோடு துரையின் லாட்ஜும் வந்தது. முதல் மனைவியோடு அதில் சில வருஷம் இருந்தார். அந்த அம்மாள் மலைஜுரத்தில் போய்விட்டாள் என்று சொன்னார்கள். இரண்டாம் கல்யாணம் நிச்சயமானதும் லாட்ஜை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுப் பாணியில் வீடு வேண்டும் என்று ஐயரிடம் வந்தார். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷம் முன்னால் இது.

இடிப்பதற்கு முன் லாட்ஜைப் பார்க்கப் போனோம். ஐயர் வழக்கம்போல் ஒவ்வோர் அறையாகப் படுத்து எழுந்தார். கூரைவாரையில் பனி சொட்டிக்கொண்டிருந்தது. பின்பக்கம் ஓர் அறை பூட்டியிருந்தது. தேக்குக் கதவு, வெளிப்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள்.

"அது?" என்றார் ஐயர்.

"அது துரைக்க நாய் கெடந்த ரூமாக்கும் சாமி. உள்ள சவறும் குப்பையும்தான். சாவியும் எங்கயோ போச்சு" என்றார் பிள்ளை.

ஐயர் அந்த ஓர் அறையில் மட்டும் படுக்கவில்லை. இடிக்கப்போகிற வீடுதானே என்று நானும் நினைத்தேன்.

காங்கிரீட் கூரை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் பலகையால் ஒரு கூரையே கட்டவேண்டும். அதன்மேல் கம்பி பின்னி, சிமெண்டும் ஜல்லியும் மணலும் குழைத்துக் கொட்டுவார்கள். இறுகினதும் கீழேயுள்ள பலகையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். பலகையின் ரேகை, கணு, ஆணித்தலை எல்லாம் காங்கிரீட்டின் அடியில் அச்சாகப் பதிந்திருக்கும். பலகையில் குழியாக இருந்தது இங்கே புடைத்து நிற்கும், புடைத்தது குழியாகும். அதை மறைக்கத்தான் எல்லோரும் கீழ்ப்பக்கம் பூசுவது. ஐயர் மலைவீட்டு மச்சுக்குப் பூசவிடமாட்டார். ஈரத்தில் பூச்சு விட்டுத் தொட்டில் குழந்தை மேல் விழும் என்பார். சுண்ணாம்பு மட்டும் இரண்டு கை அடிப்பதோடு சரி. காய்ந்த நாளில் சுண்ணாம்பு பளிச்சென்று இருக்கும். ஈரம் ஏறினால் நனைந்த வேட்டி மாதிரி, அடியில் இருப்பதைக் காட்டிவிடும்.

பலகைக்கு எங்கே போவது? கல்லாற்றுக்கு மேல் காளைவண்டி ஏறுவதே பெரிய பாடு. லாட்ஜைப் பிரித்த தேக்கும் ஆஞ்சிலியும் மலைபோல் கிடந்தன. அதையே மச்சுக்குப் பலகையாக அடித்தார்கள். எல்லா மலைவேலையிலும் செய்கிறதுதான்.

மச்சுப் போட்ட அன்று நானும் ஐயரும் திருவனந்தபுரத்தில் இருந்தோம். நடந்ததைக் கொச்சப்பி மேஸ்திரி பிற்பாடு சொன்னார். நெடுமங்காட்டு மனுஷர், பாதி மலையாளம் பாதி தமிழ். "சாமி, கறையான் தின்னது போக, பலக தெகஞ்சில்ல, பத்தல. மழ மலைமேல வந்து நிக்குது. பாதியில நிறுத்தினா மச்சு முறியும். ஒரு கதவு கெடந்நு. வெளிப்பொறம் குமிழும் சட்டமுமாக்கும், உள்பொறம் நெரப்பு, ஒரே மட்டம். நெரப்பான பொறத்த மேல ஆக்கி நிரத்தினோம்."

அதில் கீறல் இருந்ததைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். "கண்டு. நாய் மாந்தினதுன்னு சிரிச்சோம் சாரே" என்றார். வாசற்கதவைக் காலால் மிதிக்கக் கூடாது என்று ஆசாரிகளுக்கு ஒரு சாத்திரம் உண்டு. இது நாயறைக் கதவுதானே என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

பலகை பிரித்த மறுநாளே சுண்ணாம்பு ஏறியது. பால்காய்ச்சுக்குப் பிள்ளை அவசரப்படுத்தினார். ஐயர் வந்து எல்லா அறையிலும் படுத்துப் பார்த்தார். நல்ல வெயில் காலம், மச்சு வெள்ளை வெளேரென்று இருந்தது. ஹாலில் நடுவில் ஒரு தூணோ உத்தரமோ கிடையாது, அவ்வளவு அகலம். "நன்னா வந்திருக்கு" என்றார். தன் வேலையைப் பற்றி அவர் வாயில் அந்த வார்த்தை வந்ததை நான் அந்த ஒரு தடவைதான் கேட்டேன்.

மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் காலையில் குற்றாலம் பிள்ளை ஆபீசுக்கு வந்தார். முகம் வெளுத்து, சவரம் செய்யாமல் இருந்தார்.

"சாமி, எனக்க வீட்டுக்காரிக்கு மண்டைக்குச் சொகமில்ல. மச்சுல ஒரு கதவு இருக்குன்னு சொல்லுகா. அதுக்க அந்தப் பக்கம் ஒருத்தி நிக்கியாளாம். அவளுக்க அப்பன் என்னான்னா, வீட்டுலதான் கோளாறு, பிள்ளைக்கு ஒண்ணுமில்லன்னு சாலை முழுக்கச் சொல்லிட்டு நடக்காரு. நாளைக்கு டாக்டர் வந்து பாக்காரு. அவரு எழுதிக் குடுத்தாச்சுன்னா பைத்தியக்கார ஆசுபத்திரியில சேத்துரலாம். வீட்டுக்கு ஒரு கோளாறும் இல்லன்னு சாமி வாயால ஒரு வார்த்தை வந்தாப் போரும்."

ஐயர் பொடிடப்பியைத் திறந்தார். போடவில்லை. "வந்து பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார். பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது, நீங்களே கட்டின வீடுதானே என்றார். ஐயர் ஏற்கெனவே கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

கல்லாறு வரை ஐயரின் கார் போயிற்று. அதற்குமேல் நடந்தோம். பகல் பன்னிரண்டு மணிக்குப் பனி கண்ணை மறைத்தது. முன்னால் போகிற பிள்ளையின் குடை சில இடத்தில் தெரியும், சில இடத்தில் தெரியாது. வீடு இருக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதே கண்ணாடியில் கைபட்ட பிறகுதான் தெரிந்தது.

உள்ளே போனோம். முன்பு இதே இடத்தில் லாட்ஜ் எத்தனை சத்தம் போட்டது! இங்கே மழைச் சத்தம்கூட இல்லை. பெரிய கண்ணாடி வழியாகப் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியவேண்டும் என்று நான் ஆசையாக வரைந்த ஜன்னல்கள் அவை. நாலு பக்கமும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பாலுக்குள் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது. சமையற்காரனும் இரண்டு வேலையாட்களும் வராந்தாவிலேயே நின்றார்கள். உள்ளே வா என்று பிள்ளை கூப்பிட்டும் வரவில்லை.

படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கம் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தது. என் படத்தில் அது கிடையாது. ஐயர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார்.

"எறங்கி ஓடிருகா சாமி. வெளிய கொல்லி, பள்ளம்" என்றார் பிள்ளை. தாழ்ப்பாளைத் திறந்துவிட்டு நிலைப்படியிலேயே நின்றுகொண்டார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தாள் செண்பகம். இருபது வயதுதான் இருக்கும். தலைவிரி கோலமாக ஒரு பெண்ணை எதிர்பார்த்துப் போனவன் நான். படிய வாரிப் பின்னி, நெற்றியில் விபூதியோடு இருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, கட்டிலை ஓரமாக நகர்த்திவிட்டாள். ஐயரின் வழக்கத்தை யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

"கெடந்து பாருங்கோ. அப்பத்தான் தெரியும்" என்றாள்.

ஐயர் அங்கவஸ்திரத்தை விரித்துப் படுத்தார். நானும் படுத்தேன். முதலில் ஈரத்தில் கறுத்த திட்டு மட்டும் தெரிந்தது. கொஞ்சம் கண் பழகினதும் பலகைப் பொருத்துகள் தெரிந்தன. பிறகு அவை ஒரு சட்டத்துக்குள் அடங்கின. மேல் விளிம்பு, கீழ் விளிம்பு, இரண்டு கீல், ஓரத்தில் தாழ்ப்பாளின் நட்டு பதிந்த நாலு சின்னக் குழி. எங்கள் முகத்துக்கு நேர் மேலே, முழுசாக, ஒரு கதவு சாத்திக் கிடந்தது. பைத்தியக்காரி சொன்ன கதவு.

அது எப்படி அங்கே வந்தது என்பது ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பலகை தீர்ந்திருக்கும், கதவைப் போட்டிருப்பார்கள். புரிந்த பிறகும் பயம் போகவில்லை.

"மூணு தடவை சுண்ணாம்பு அடிச்சாச்சு. பனி எறங்கினா வந்திருகு" என்றாள் செண்பகம்.

நான் தலையைத் திருப்பிப் பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் அந்த அறையில் இருந்த நேரம் முழுவதும் அந்த மனுஷர் ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

"தாணு" என்று என்னைக் கூப்பிட்டார் ஐயர், படுத்தபடியே. "கட்டில்மேல ஏறும். மச்சுன்னு நினைக்காதேயும். எலிவேஷனாப் படியும். கதவை நிமிர்த்தி நிறுத்தி வச்சுண்டு, கீழேருந்து படியும்."

அந்தப் பெண்ணே கட்டிலை அடியில் இழுத்துப் போட்டாள். ஏறி நின்று கையால் தடவினேன். நட்டுக் குழிகளைச் சுற்றி வட்டம் வட்டமாக மேடுகள். காங்கிரீட் அடியில் அப்படி மேடு வருகிறதென்றால் கதவில் அத்தனையும் கீறல். ஏதோ கரண்டிக் காம்பு மாதிரி ஒன்றால் தோண்டித் தோண்டி, மரத்தைச் செதுக்கி எடுக்கப் பார்த்த கீறல். என் விரல் அந்த மேட்டில் பட்டபோது, அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தள்ளுவது போலவே இருந்தது. கையை எடுத்துவிட்டேன்.

"தாழ்ப்பாள் எத்தனை உசரம்?"

"மூணரை அடி சாமி. அதைச் சுத்திலும் கீறல்தான்."

"நாய்தான் சாமி! துரைக்க நாய்!" என்று நிலைப்படியிலிருந்து குரல் வந்தது.

ஐயர் எழுந்து உட்கார்ந்தார். "நாய் பிறாண்டும் பிள்ளைவாள், ஒத்துக்கறேன். நட்டைக் கழட்டப் பார்க்குமா?"

ஐயர் என்னைப் பார்த்து, "அதுக்குக் கீழே?" என்றார்.

"ரெண்டடியில ஒரு கீறல் கூட்டம் இருக்கு. இவ்வளவு ஆழமில்ல. அதுக்கும் கீழ..."

நான் சொல்லி முடிக்கவில்லை. செண்பகம் சொன்னாள், ரொம்பச் சாதாரணமாக, அடுத்த வீட்டுச் சேதி சொல்கிற மாதிரி.

"முதல்ல நின்னு பாத்திருக்கா. பெறவு இருந்து பாத்திருக்கா. பெறவு கெடந்து. அடியில ஒரு சாண் உசரத்துல இருக்கு பாருங்கோ, அது கடைசி. அதுக்கு ஆழமே இல்ல. எனக்கு இங்க கெடந்து பாக்கதுதானே வேலை. படிச்சுட்டேன்."

பிள்ளையின் முதல் மனைவி மலைஜுரத்தில் போனாள் என்றுதான் ஊர் முழுக்க நம்பியிருந்தது. நானும் நம்பித்தான் அந்த வீட்டுக்கு மேஜையில் உட்கார்ந்து ஜன்னல் வரைந்தேன். கட்டிலிலிருந்து இறங்கினேன்.

ஐயர் நிதானமாக அங்கவஸ்திரத்தை உதறி மடித்தார். பிறகு ஹாலுக்கு நடந்துபோய், அந்தப் பெரிய மச்சை அண்ணாந்து பார்த்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். வராந்தாவில் நின்ற மூன்று பேருக்கும் கேட்கும்படி பேசினார்.

"வீட்டுல கோளாறு இருக்கு பிள்ளைவாள். என் கணக்குத் தப்பு. மச்சு இறங்கறது. இன்னிக்கோ நாளைக்கோ சொல்ல முடியாது. யாரும் ஒரு நிமிஷம் உள்ளே இருக்கப்படாது."

நான் திகைத்துப்போய் நின்றேன். அந்த மச்சின் ஒவ்வொரு கம்பியும் நான் வரைந்தது, அவர் கணக்கிட்டது. யானையை ஏற்றினாலும் அசையாது.

வேலையாட்கள் அதற்குள் முற்றம் தாண்டிவிட்டார்கள். சமையற்காரன் பாத்திரத்தைக்கூட எடுக்கவில்லை.

"அவளை நான் பாத்துக்கிடுவேன். இங்கதான் எங்கயாச்சும்..." என்றார் பிள்ளை.

"எங்கே வச்சுப் பார்த்துப்பீர்?" என்றார் ஐயர். "இங்கே வேற கூரை ஏது? குழந்தையை நான் கொண்டுபோய் அவ அப்பாகிட்ட விடறேன். நாளைக்கு டாக்டர் வந்தா வெளியிலேயே நிறுத்திப் பேசி அனுப்பும். அவர் தலையில மச்சு விழுந்தா கேசு உம்மேலதான் வரும்."

பிள்ளை அவர் முகத்தையே பார்த்தார். ஐயர் பொய் சொல்கிறார் என்று அவருக்குத் தெரியும். அது தெரியும் என்று ஐயருக்கும் தெரியும். படுக்கையறையில் நாங்கள் படித்ததை வெளியில் சொல்வோமா மாட்டோமா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் அவர் வாசலை விட்டு விலகி நின்றார்.

செண்பகம் ஒரு துணியும் எடுக்கவில்லை. வாசற்படியில் மட்டும் நின்று திரும்பி, "அவளைக் கூட்டிட்டுப் போகாண்டாமா?" என்றாள்.

ஐயர் வழியைக் கை காட்டினார். அவளும் மறுபடி கேட்காமல் பனிக்குள் இறங்கி நடந்தாள்.

வழியில் ஐயரிடம் மெல்ல, "சாமி, நூறு வருஷம் நிக்குமே அந்த மச்சு?" என்றேன்.

"நிக்கும். வாயை மூடிண்டு நடயும்" என்றார்.

ஐயர் கட்டின மச்சு இறங்கிவிட்டது என்ற சேதி நாங்கள் சாலைக்கு வருவதற்கு முன்பே வந்துவிட்டது மாதிரி பரவியது. கெட்ட சேதிக்குக் கால் எட்டு. மலையில் வீடு கட்ட ஒப்புக்கொண்டிருந்த இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். அப்புறம் அவருக்கு மலைவேலை வரவே இல்லை. ஒருவரிடமும் அவர் மறுத்துச் சொல்லவில்லை, என்னையும் சொல்லவிடவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். அவர் தமக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னார். வக்கீல் கேட்டுவிட்டு, மச்சைக் கூண்டில் ஏற்றி எந்தக் கோர்ட்டில் சாட்சி சொல்லவைக்கப் போகிறீர்கள் என்று சிரித்தாராம்.

செண்பகத்தின் அப்பா சாலையில் இரும்புக்கடை வைத்திருந்தார். சங்கரலிங்கம் பிள்ளை என்று பெயர். கடைக்குப் பின்னால் வீடு. அவரைப் பார்க்கப் போனபோது மனுஷர் ஓய்ந்துபோயிருந்தார்.

"வந்ததுலேருந்து வீட்டுல ஒரு கதவைச் சாத்த விடமாட்டேங்கா" என்றார். "தெருக்கதவு, கொல்லைக்கதவு எல்லாம் தொறந்தே கெடக்கணும். சாத்தினா கத்துகா. கள்ளன் வந்தாலும் வரட்டும்னு நான் வாசல்ல பாய் போட்டுக் கெடக்கேன். ஒரே கேள்விதான் கேக்கா. அவளை விட்டாச்சான்னு கேக்கா. ஆரை விடணும்? எனக்கு ஒண்ணும் மனசிலாகல."

இதை ஐயரிடம் வந்து சொன்னேன். அவர் பொடிடப்பியை மூடி வைத்துவிட்டு, "கொச்சப்பியைக் கூப்பிடும். நாலு ஆள், உளி, இரும்பு அறுக்கற வாள்" என்றார்.

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் வந்தது. "நம்மகிட்ட இருக்க ஒரே சாட்சி அதுதானே சாமி? அதையும் நாமே உடைக்கணுமா? குற்றாலம் பிள்ளைக்கு நல்லதாப் போச்சுன்னு இருக்கும்."

"சாட்சி யாருக்கு ஓய்? கேக்கற கோர்ட்டு இல்லை. கேக்கறவ ஒருத்திதான் இருக்கா. அவ கேட்டதுக்கு நாம பதில் சொல்ல வேண்டாமா?"

பழுதான பாகத்தை வெட்டி எடுக்கிறோம் என்று சொல்லி அனுப்பினோம். குற்றாலம் பிள்ளை மறுக்கவில்லை. அவர் மறுக்காதது எனக்கு இன்றைக்கும் முள்ளாகக் குத்துகிறது. ஆனால் அவர் அந்தப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு மாமனார் வீட்டு வாசலையும் மிதிக்கவில்லை, மகளை அனுப்பு என்று கேட்கவும் இல்லை.

அன்றைக்கும் பனி. கதவு மச்சில் தெளிவாக வந்திருந்தது. நான் நூல் பிடித்து, செங்காவியால் அதன் நாலு விளிம்பையும் சுற்றிக் கோடு போட்டேன். ஆட்கள் கூரைமேல் ஏறி உளியால் பொளிந்தார்கள். ஐயருடைய காங்கிரீட் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. உச்சிப்பொழுதில் ஆரம்பித்த வேலை முடிய மாலையாகிவிட்டது. கொச்சப்பி ஒருவர்தான் பேசிக்கொண்டே இருந்தார். "எந்தா கடுப்பம்! இதா விழப்போற மச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் மலையாளம் தெரியாதவன் மாதிரி நின்றேன்.

கடைசிக் கம்பியும் அறுந்து, துண்டுகள் தரையில் விழுந்தன. ஆட்கள் இறங்கி உள்ளே வந்து, தூசி அடங்கினபோது மச்சில் ஒரு கதவு அளவுக்கு வானம் தெரிந்தது. மலைவீட்டில் ஒரு பொந்து வைத்தால் பனி உள்ளே வரும். நாங்கள் எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றோம். வரவில்லை. அறைக்குள் கலங்கி நின்ற பனி, தரையோரத்திலிருந்து மெல்லத் திரண்டு எழும்பி, அந்தத் திறப்பு வழியாக வெளியே போயிற்று. வெளியே ஓர் இலை அசையவில்லை. கொச்சப்பி பேச்சை நிறுத்திக் கைகூப்பினார்.

"உள்ளே ஆள் ஜாஸ்தி. சூடு மேலே போகும்" என்றார் ஐயர். அது சரியான காரணம்தான், எந்த எஞ்சினியரும் ஒப்புக்கொள்வார். ஆனால் அப்போது நாங்கள் ஆறேழு பேரும் சுவரோரமாக ஒதுங்கி, நடுவில் வழிவிட்டு நின்றிருந்தோம். ஐயரும்தான். யாரும் யாரையும் ஒதுங்கச் சொல்லவில்லை.

ஊருக்கு வந்ததும் ஐயர் என்னைச் சாலைக்கு அனுப்பினார். தான் வரவில்லை. இரும்புக்கடையில் சங்கரலிங்கம் பிள்ளை என்னைக் கண்டதும் எழுந்து பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். எல்லாக் கதவும் விரியத் திறந்து கிடந்தது. கடைத்தெருவின் வண்டிச் சத்தமும் மூட்டைக்காரர்களின் கூச்சலும் நடுவீடு வரை கேட்டன. செண்பகம் அதன் நடுவில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். மச்சை வெட்டியாயிற்று, இத்தனை அடிக்கு இத்தனை அடி என்று எஞ்சினியர் ஆபீஸ் பாஷையில் சொல்லத்தான் தெரியும் எனக்கு. அவள் முகத்தைப் பார்த்ததும் அதெல்லாம் மறந்துபோயிற்று.

"போயிட்டாளா?" என்றாள்.

"போயிட்டாம்மா" என்றேன். "நாங்க எல்லாரும் பாத்தோம்."

செண்பகம் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளறைக்குள் போனாள். சங்கரலிங்கம் பிள்ளை பதறிப்போய் இரண்டடி எடுத்து வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கதவை மெல்லச் சாத்தி, உள்ளேயிருந்து அவளே தாழ்ப்பாள் போட்டாள்.